முக்கொம்பில் மூணு பேர்!

சென்னைப் பசங்க எல்லாம் வொண்டர்லா போய், ரோலர்கோஸ்டர்ல தலைகீழாத் தொங்கி ஸ்டேட்டஸ் போட்டுக் கடுப்பேத்துறீங்க. 2025 டிசம்பர்ல அது திறந்ததுல இருந்து எங்க துவாக்குடி ஹாஸ்டல்லயும் அதே புலம்பல்தான். பஸ் காசையும் டிக்கெட் காசையும் கூட்டிப் பார்த்தோம். அன்னிக்கே அந்தத் திட்டத்துக்குப் பால் ஊத்தியாச்சு!

பொங்கல் லீவுல ஹாஸ்டல் எப்படி இருக்கும்னு பார்த்திருக்கீங்களா? காரிடார்ல நடந்தா நம்ம செருப்புச் சத்தமே நம்மளைத் துரத்தும். மிஞ்சுறது வெளிநாட்டுப் பசங்க மட்டும்தான். எங்க விங்ல ரெண்டு பேர். ஒருத்தன் நேபாளத்து போக்ரா. இன்னொருத்தன் எத்தியோப்பியாவோட அடிஸ் அபாபா. (பேரைப் போட்டா கொன்னுடுவேன்னு ரெண்டு பேரும் மிரட்டல். அதனால ஊர் பேரே பேர்!) என் வீடு திருவெறும்பூர். ரெண்டு நாள் கரும்பு கடிச்சுட்டு, 2026 ஜனவரி 17, காணும் பொங்கல் அன்னிக்குக் காலையில திரும்பி வந்து ரெண்டு பேரையும் கிளப்பினேன். "தீம் பார்க் போறோம் வாங்கடா!"

திருச்சிக்காரனுக்குக் காணும் பொங்கல்னா தீம் பார்க் முக்கொம்புதான். துவாக்குடியில இருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து கரூர் ரோட்டுல இன்னொரு பஸ். ரெண்டாவது பஸ்ல ஏறினோம்னு சொல்றதை விட, ஏத்தப்பட்டோம்னு சொல்லலாம். ஒரு காலை வெச்ச இடத்துல இன்னொருத்தர் தூக்குவாளி. போக்ரா மட்டும் கூலா நின்னான். அவங்க ஊர் மைக்ரோ பஸ்ஸைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஜுஜுபியாம்.

உள்ளே போனா... அடேங்கப்பா! மரத்தடிக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு நாலு டிபன் கேரியர். ஊஞ்சலுக்கு ரேஷன் கடை மாதிரி வரிசை. குழந்தைங்க ஊஞ்சல்ல குழந்தைங்களைத் தவிர எல்லாரும் ஆடிக்கிட்டு இருந்தாங்க.

அங்கேதான் ஆரம்பிச்சுது. ஒரு அண்ணன் வந்து "தம்பி, அவரோட ஒரு செல்ஃபி?"ன்னு என்கிட்ட கேட்டார். கவனிங்க, என்கிட்ட! நானும் பெருமையா "எடுங்கண்ணா"ன்னேன். அப்புறம் அவர் மச்சான், மச்சானோட ஃப்ரெண்ட்ஸ். கைக்குழந்தையை அடிஸ் கையில திணிச்சு ஒரு போட்டோ. "வில்லன் மாதிரி முறைக்கச் சொல்லுங்க பாஸ்"னு ஒருத்தன். ஒரு பொடியன் பின்னாடி வந்து அவன் சுருட்டை முடியை இழுத்துப் பார்த்துட்டு ஓடினான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான். 27 போட்டோ வரைக்கும் எண்ணினேன். வரிசையை ஒழுங்குபடுத்தி, போனை வாங்கிக் கிளிக் பண்ணிக் கொடுத்தது வேற யாரு... சாட்சாத் நானேதான்.

போக்ராவை யாரும் கண்டுக்கலை. "சைனாவா?"ன்னு ரெண்டு பேர், "எந்த மோமோ கடை தம்பி?"ன்னு ஒருத்தர். அவ்ளோதான்.

கூட்டம் கலைஞ்சதும் அடிஸ் அமைதியாக் கேட்டான். "இவ்வளவு பேர்ல ஒருத்தராவது என் பேரைக் கேட்டாங்களா?"

எனக்குப் பேச்சு வரலை. உங்க காலேஜ்லயும் இப்படி ஒருத்தன் இருப்பான். நீங்க அவனைப் பார்க்கக் கூட்டிட்டுப் போனீங்களா, காட்டக் கூட்டிட்டுப் போனீங்களா? நான் அன்னிக்கு முழிச்ச முழி இருக்கே, அதுக்கு எவனும் செல்ஃபி கேட்கலை.

பேச்சை மாத்த அவனைக் கொள்ளிடம் பக்கம் தள்ளிட்டுப் போனேன். இங்கேதான் காவிரி ரெண்டாப் பிரியுது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவுல ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடத்தோட படுகை தாழ்வு. சும்மா விட்டா தண்ணி பூரா அந்தப் பக்கம் சரிஞ்சு கடலுக்குப் போயிடும், தஞ்சாவூர் வயல் காயும். அதனாலதான் 1830-கள்ல ஆர்தர் காட்டன் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை கட்டினார். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி அதோட 45 ஷட்டர்ல 9-ஐ ஆறு அடிச்சுட்டுப் போயிடுச்சு. இப்போ பக்கத்துலயே புதுக் கதவணை. அடிஸ் சிவில் டிபார்ட்மென்ட். அஞ்சு நிமிஷத்துல கோபம் போய் ஷட்டர் எண்ண ஆரம்பிச்சுட்டான்!

பக்கத்து மரத்தடியில இருந்து ஒரு பாட்டி கூப்பிட்டாங்க. அய்யய்யோ, இருபத்தெட்டாவதுன்னு நினைச்சேன். பாட்டிகிட்ட போனே இல்லை. "சாப்பிட்டியா கண்ணு? உன் பேர் என்ன?"

அவன் சொன்னான். பாட்டி மூணு தடவை முயற்சி பண்ணி, மூணு தடவையும் மூணு வேற பேர் சொன்னாங்க. அடிஸ் முகத்துல அன்னிக்கு முதல் சிரிப்பு. வாழை இலையில புளியோதரை வந்துச்சு. அவங்க ஊர் இஞ்ஜெராவும் மாவைப் புளிக்க வெச்சு தோசை மாதிரி ஊத்துறதாம், புளிப்பு அவனுக்குப் பழகினதுதான். ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மகர சங்கராந்திக்குத் தன் வீட்டுல எள்ளுருண்டையும் கிழங்கும்னு போக்ரா அடுக்க, பாட்டி உடனே எள்ளுருண்டை டப்பாவைத் திறந்தாங்க.

"உங்க ஊர்ல ஆறு இருக்கா?"ன்னாங்க. மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்கு.

அபாய் நதியைச் சொன்னான். நாம படிச்ச நீல நைல். அதுல 2011-ல ஆரம்பிச்சு 2025 செப்டம்பர்ல திறந்த அணை, 145 மீட்டர் உயரம். ஜனங்களே பத்திரம் வாங்கி, சம்பளத்துல பிடிக்கக் கொடுத்துக் கட்டினது. டீச்சரா இருக்கிற அவன் அம்மாவும் கொடுத்திருக்காங்க. அதைச் சொல்றப்ப அவன் நிமிர்ந்து உட்கார்ந்ததை நீங்க பார்த்திருக்கணும்.

பாட்டி கேட்ட ஒரே கேள்வி: "கீழ் ஊருக்காரங்க சண்டைக்கு வரலையா?"

சொன்னதும் அடிஸ் அசந்துட்டான். எகிப்து வருஷக்கணக்கா எதிர்த்துக்கிட்டு இருக்குன்னான். "அப்போ நீ மேட்டு ஊர்க்காரனா! முன்னாடியே தெரிஞ்சிருந்தா சோறு போட்டிருக்க மாட்டேனே!"ன்னு பாட்டி அவன் முதுகுல ஒண்ணு வெச்சாங்க. பாட்டிக்கு லால்குடி பக்கம் ரெண்டு ஏக்கர் நெல். மேட்டூர்ல எத்தனை அடின்னு தினமும் பேப்பர்ல பார்க்கிற குடும்பமாம்.

சாயங்காலம் திரும்புறப்ப, துவாக்குடியில இறங்கினதும் அடிஸ் கால் கிலோ எலுமிச்சம்பழம் வாங்கினான். திங்கட்கிழமை ஜனவரி 19, அவங்க ஊர்ல திம்கத். தண்ணி தெளிச்சுக் கொண்டாடுற திருவிழா. அன்னிக்குப் பையன் தனக்குப் பிடிச்ச பொண்ணு மேல எலுமிச்சம்பழம் எறிவானாம். அவ அதை எடுத்துக்கிட்டா ஓ.கே.!

"இங்கே யார் மேலடா எறியப் போறே?"ன்னோம். பழத்தைப் பையில போட்டுக்கிட்டு, கண்டக்டர் மாதிரி "உள்ளே போ, உள்ளே போ"ன்னு எங்க ரெண்டு பேரையும் கேட்டுக்குள்ள தள்ளினான்.