திரும்பி வராத தகவல்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே தன்னார்வலர் அக்கா வந்துவிட்டார். அம்மாவுக்கு பிரஷர் பார்த்தார், விரலில் குத்தி சுகர் பார்த்தார், மாத்திரைகளைக் கொடுத்தார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் எங்கள் தெருவுக்கும் வந்தபிறகு, மூட்டுவலியோடு அம்மா மாத்திரைக்காக பஸ் ஏறுவதில்லை. அக்கா மகளிர் குழுவில் இருப்பவர். ராத்திரி தூக்கம் வருகிறதா, கால் எரிகிறதா என்று உட்கார்ந்து கேட்பார். டாக்டரிடம் சொல்லத் தயங்குவதையெல்லாம் அம்மா இவரிடம் சொல்லிவிடுவாள்.

மார்ச் 12, புதன்

கால் வீக்கம் வடியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தத்தில் கிரியேட்டினின் கூடியிருக்கிறதாம், அதாவது சிறுநீரகம் தளர்ந்திருக்கிறதாம். சிறுநீரகம் ரொம்பத் தளர்ந்தால் சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கும் என்று அதை நிறுத்திவிட்டு வேறு மருந்து எழுதினார்கள். அம்மாவின் ஆஸ்பத்திரி நோட்டில் இரண்டே வரி, அதுவும் ஆங்கிலத்தில்.

ஏப்ரல் 3, வியாழன்

அக்கா இன்று கொண்டுவந்ததில் மெட்ஃபார்மினும் இருந்தது. அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவருடைய பட்டியலில் பழைய மருந்துதான் இருக்கிறது. நோயாளியை மேலே அனுப்பச் சீட்டு உண்டு. அங்கே என்ன பார்த்தார்கள், எதை மாற்றினார்கள் என்பது கீழே வந்து சேரவில்லை. நான் நோட்டைப் பார்த்ததால் மாத்திரையை எடுத்து வைத்தேன். அடுத்த தெருவில் தனியாக இருக்கும் பாட்டிக்கு யார் படித்துச் சொல்வார்கள்? நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

நோட்டோடு சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டரம்மா பொறுமையாகப் படித்துப் பார்த்தார். “நீங்க கொண்டு வந்தாத்தாம்மா எங்களுக்கே தெரியுது” என்றார். உடனே பதிவைத் திருத்தி, அக்காவுக்கு ஃபோன் செய்து சொன்னார். கொஞ்ச நேர வேலைதான். அதைச் செய்ய வேண்டியது நோயாளியின் மகளா? 1978-இல் ஆரம்ப சுகாதாரம் பற்றி வந்த உலக அளவிலான அல்மா ஆட்டா பிரகடனமே, ஒன்றுக்கொன்று துணைநிற்கும் பரிந்துரை முறை அதற்கு வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. வீடு தேடி மாத்திரை கொடுக்க முடிந்த மாநிலத்தில் மருந்து மாறியதைக் கீழே தெரிவிப்பது முடியாத காரியமில்லை. மருந்தை மாற்றுகிற டாக்டர் அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்கும்படி அரசு செய்ய வேண்டும்.

அதுவரை, வீட்டில் சுகர், பிரஷர் நோயாளிகள் இருப்பவர்கள் பெரியாஸ்பத்திரி நோட்டைத் தன்னார்வலரிடமும் சுகாதார நிலையத்திலும் தவறாமல் காட்டுங்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுடையதையும் சேர்த்து.