பிழையைப் பிடித்த பின்

2022 ஆகஸ்ட் 7 காலை, திருப்பதி மாவட்டத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. ஏவுகலம் முதன்முறையாகப் புறப்பட்டது. (அவ்வாண்டு ஏப்ரல் வரை அத்தீவு நெல்லூர் மாவட்டத்தினது.) திட எரிபொருள் நிலைகள் மூன்றும் செவ்வனே எரிந்தன. ஆயினும் 356 கிலோமீட்டர் உயர வட்டப்பாதைக்கு மாறாக, 356-க்கு 76 என்னும் நீள்வட்டப்பாதையில் இரு செயற்கைக்கோள்களும் விடப்பட்டன. 76 கிலோமீட்டர் உயரத்தில் காற்று எதையும் சுற்றவிடாது. இழந்தவற்றுள் ஒன்று, சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைக்க, 750 மாணவியர் பங்கேற்று உருவாக்கிய ஆசாதிசாட்.

இரண்டாம் நிலை பிரிகையில் சிறுபொழுது ஓர் அதிர்வு எழுந்தது. முடுக்கமானிகளின் அளவீடுகள் எல்லை மீறின. பழுதறியும் மென்பொருள் அவை பழுதுற்றதாக அறிவித்தது. உண்மையில் அவை பழுதுறவில்லை. உடனே கலம் மீட்புமுறைக்கு மாறி, முன்கணித்த வழியிலேயே சென்றது. பிழை பிடிக்கப்பட்டது. பிடித்த கைதான் பயணத்தைக் கெடுத்தது.

இந்நிகழ்வு ஒத்தியங்கா நிரலாக்கம் பயில்வோர்க்கு அந்நியமானதன்று. அங்கே ஒரு சார்பு விடையை உடனே தருவதில்லை. விடை பின்னர் வரும் என்னும் சீட்டைத் தருகிறது. பிராமிஸ் என்பது அதுவே. ஓகாமல் மொழியின் எல்.டபிள்யூ.டி. நூலகத்தில் அழைப்பைச் சுற்றி வழக்கமான ‘ட்ரை’ வேலியைப் போட்டால், சீட்டு கைக்கு வந்ததும் வேலியின் காவல் முடிந்துவிடும். தோல்வி அதற்குப் பின் வரும். ஆகவே நூலகத்தின் சொந்த ‘கேட்ச்’ சார்பைக் கொண்டு காவலைச் சீட்டோடு பிணைக்க வேண்டும். பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன. உண்மையான இடர் இதற்கு அப்பால்தான் உள்ளது.

‘கேட்ச்’ தரும் விடை, வெற்றியில் கிடைத்திருக்க வேண்டிய விடையின் வகையிலேயே அமைய வேண்டும். எனவே நிரலர் ஒரு வெற்றுப் பட்டியலையோ சுழியத்தையோ கொடுத்துவிடுகிறார். வகைச்சோதனை தடை சொல்வதில்லை. அடுத்தடுத்த சார்புகள் அந்தப் பதிலியை மெய்யென நம்பி, தத்தம் பணியைப் பழுதின்றிச் செய்து முடிக்கின்றன. ‘ரிசல்ட்’ போன்ற வகையில் தோல்வியைத் தோல்வியாகவே எடுத்துச் சென்றால், அடுத்த சார்பு அதைக் காணாமல் கடக்க இயலாது.

காலக்கெடு இன்னும் நுட்பமான சிக்கல். விடை தாமதமாகிறதா, வாராதா என்பதைக் காத்திருப்பவர் அறியும் வழி இல்லை. கெடு குறுகினால் நலமாயுள்ள சேவையகமும் இறந்ததாகக் கணக்காகும். பின்னர் வரும் சரியான விடையைக் கேட்பார் இலர். ஸ்ரீஹரிகோட்டாவில் முடுக்கமானிகளுக்கு நேர்ந்ததும் இதையொத்ததே.

தமிழ் இலக்கணிகள் இத்தகையவற்றைப் புறனடையில் வைத்தனர். இயல்களின் இறுதியில் நின்று, சொன்ன விதிகளுக்குள் அடங்காதவற்றுக்கு அது இடம் தருகிறது. அடங்காததை அடங்கியதாகக் காட்டுவதில்லை.

எஸ்.எஸ்.எல்.வி.யின் திருத்தமும் இத்திசையிலேயே சென்றது. பிரிப்புக் கருவி மாற்றப்பட்டது. உணரியைப் பழுதென அறிவிக்குமுன் கூடுதல் நேரம் நோக்கும்படி தருக்கம் திருத்தப்பட்டது. மீட்புமுறையிலும் நாவிக் தரவைக் கொண்டு வழிநடத்தும் ஏற்பாடு சேர்ந்தது. 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாம் கலம் ஆசாதிசாட்-2 உட்பட மூன்று செயற்கைக்கோள்களை 450 கிலோமீட்டர் உயர வட்டப்பாதையில் நிறுத்தியது.