குரலும் இரைச்சலும்

முன்னாளிலே ஒருவருடைய குரலைப் பதிவு செய்யவேண்டுமாயின் கொழும்பு வானொலிக் கலையகத்தை நாடவேண்டியிருந்தது. இன்றோ கொக்கட்டிச்சோலையிலும் அதனைச் சூழ்ந்த படுவான்கரைக் கிராமங்களிலும், மடிக்கணினியும் ஓர் ஒலிவாங்கியும் உள்ள வீடெல்லாம் கலையகமாகலாம். ஆயின், பதிந்ததைத் திரும்பக் கேட்கும்போது குரலோடு வேறு சிலவும் கேட்கின்றன: 'ம்ம்ம்' என்னும் முரற்சி, 'ஸ்ஸ்' என்னும் இரைச்சல், இடையிடையே 'டிக் டிக்' என்னும் ஓசை. இவ்வழையா விருந்தாளிகள் எவ்வழியாக வருகின்றன என்று ஆராய்வது மாணவர்களுக்கு நல்லதொரு பௌதிகப் பாடம். முதியோர் வாழும் குடும்பங்களுக்கோ அது காலந்தாழ்த்தக் கூடாத கருமம்.

எம் வீட்டிலே பெரியப்பா ஒருவர் இருக்கிறார். இளமையில் வடமோடிக் கூத்துக் களரியில் விடியும்வரை ஆடிப் பாடியவர். ஒலிபெருக்கியின்றியே களரியைச் சூழ்ந்திருந்தோர் அனைவருக்கும் எட்டிய அவர் குரல், எண்பது வயதைக் கடந்தபின் மெலிந்துவிட்டது. ஒரு விருத்தம் பாடி முடிந்ததும் மூச்சு வாங்குகிறது. 'இன்னுமொருமுறை பாடுங்கள், பெரியப்பா' என்று கேட்க மனம் வருவதில்லை. மெலிந்த குரலைப் பதிவதற்கு ஒலிவாங்கியின் அளவைக் கூட்டவேண்டும். அதனைக் கூட்டினால் இரைச்சலும் உடன் கூடுகின்றது. இதுவே எமக்கு நேர்ந்த இடர்.

நோயை அறிய முன் பரியாரியார் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல, நாமும் முதலில் எவரும் பேசாதிருக்கப் பத்துச் செக்கன் வெறும் மௌனத்தைப் பதிந்து கேட்டோம். பின்பு ஒவ்வொரு பொருளாக நிறுத்தி, ஒவ்வொரு முறையும் மீண்டும் பதிந்தோம். மின்விசிறியை நிறுத்த 'ஸ்ஸ்' ஒலி பெரும்பாலும் அடங்கிற்று. கைத்தொலைபேசியை அடுத்த அறைக்கு அனுப்ப 'டிக் டிக்' மறைந்தது. அது கோபுரத்தோடு தொடர்பு கொள்ளும் வானொலி அலைகளே ஒலிவாங்கியின் கம்பியிற் புகுந்து அவ்வாறு ஒலித்தன. முரற்சி மட்டும் அசையவில்லை. ஈற்றில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் அதுவும் நின்றது.

காரணம் இதுதான். எமது நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை அலைகின்றது. மடிக்கணினி ஒரு பிளக்கிலும் மிக்சர் வேறொரு பிளக்கிலும் இணைந்திருந்தால், இரண்டின் எர்த் கம்பிகளும் இடையிலுள்ள ஒலிக்கம்பியும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. அவ்வளையத்திலே சுழலும் சிறு மின்னோட்டமே முரற்சியாகக் கேட்கின்றது. இரண்டையும் ஒரே பிளக் பலகையில் இணைத்தல், அல்லது பதியும் நேரத்தில் மடிக்கணினியை மின்கலத்தில் இயக்குதல் போதிய பரிகாரமாகும். எர்த் முனையை வெட்டிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிருக்கு ஆபத்தானது, ஒருபோதும் செய்யலாகாது.

'பதிந்தபின் கணினியைக் கொண்டு இரைச்சலை நீக்கலாமே' என்று இளைஞர் கேட்பர். ஓரளவு நீக்கலாம். ஆனால் அந்த முரற்சி 50இல் மட்டும் நிற்பதில்லை. 100, 150 என மடங்குகளாயும் ஒலிக்கும். ஆடவர் பேச்சுக் குரலின் அடித்தொனியோ செக்கனுக்கு ஏறக்குறைய 85 தொடக்கம் 180 வரை அமைவது. ஆகவே முரற்சியை வெட்டும் கத்தி குரலையும் சீவிவிடும். வயலிலே களை நெருங்கி வளர்ந்தபின் பிடுங்கினால் நெல்லின் வேரும் அசையுமன்றோ?

உள்ளே வரவிடாமற் செய்வதே மேல். இவ்வுண்மையை எம் வாவி மீனவர் அறிவர். பாடும் மீனின் ஓசையைக் கேட்க விரும்புவோர் தோணியிலிருந்து துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறுநுனியைக் காதோடு சேர்ப்பர். 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் தெனன்ற் என்பாரும், தோணியின் மரத்திற் காதை வைத்தபோது ஓசை மிகுந்து கேட்டதென எழுதியுள்ளார். காற்றின் இரைச்சலைக் கடந்து, ஒலி பிறக்குமிடத்தை நெருங்கும் உபாயம் அது. வீட்டிலும் அவ்வாறே. ஒலிவாங்கியை நான்கு அடித் தூரத்திலிருந்து இரண்டு அடிக்குக் கொணர்ந்தால், அதனை அடையும் குரலின் அழுத்தம் ஏறக்குறைய இருமடங்காகும்; அறையின் இரைச்சல் கூடுவதில்லை. எனவே அளவைக் கூட்டவேண்டிய தேவையும் குறையும். சீமெந்துச் சுவரின் எதிரொலியை அடக்கப் பாயும் தடித்த போர்வையும் தொங்கவிட்டாற் போதும்.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் 'பாதை'க்குக் காத்திருக்கும் துன்பம் நீங்கியது. வாகன ஓசையும் எம் ஊருக்கு வந்தது. ஆதலின் நாம் விடியற்காலையைத் தெரிந்தோம். பெரியப்பா இதுவரை பதினொரு விருத்தங்கள் பாடியுள்ளார். பின்னணியிலே தூரத்துச் சேவல் கூவுவது கேட்கின்றது. அதனை நீக்க நாம் முயலவில்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் தாலாட்டோ, கூத்துப் பாட்டோ, வசந்தன் பாட்டோ அறிந்த முதியவர் இருக்கக்கூடும். வரும் விடுமுறையில் அவரருகே அமருங்கள். பதிவின் தொடக்கத்தில் பாடுபவர் பெயரையும் ஊரையும் திகதியையும் சொல்லிவையுங்கள். இரண்டு பிரதிகளை வெவ்வேறிடத்திற் பேணுங்கள். விலையுயர்ந்த கருவி வரட்டுமென்று காத்திருக்க வேண்டுவதில்லை. கருவியைப் பின்னரும் வாங்கலாம்.