கோவையில் தொடங்கும் டிக்கெட்

மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய டிக்கெட்டைப் பார்த்ததும், ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் லண்டனில் நர்ஸ். 2023 பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். டிக்கெட்டிலோ, ஜனவரி 20 கோவையில் கிளம்பி லண்டன், ஆகஸ்ட் 14 லண்டனில் கிளம்பி கோவை என்று இருந்தது.

"ஏன் கண்ணு, வந்துட்டுப் போறதுக்கு டிக்கெட் போடுவேன்னு பார்த்தா, போயிட்டு வர்றதுக்குப் போட்டிருக்கே?"

"வேணும்னுதாம்மா அப்படிப் போட்டேன். ஆகஸ்ட் லீவுக்கு வர்ற டிக்கெட்டும் இதுலயே முடிஞ்சிருச்சு."

எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை அவள் அப்பா பழைய டைரியில் கோடு போட்டு விளக்கினார். லண்டனுக்குப் போன புதிதில் அவள் வருஷத்துக்கு 2 முறை, லண்டன் - கோவை - லண்டன் என்று ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துத்தான் வந்தாள். டிசம்பர் கடைசியில் அங்கிருக்கும் நம்மவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊருக்குக் கிளம்புகிறார்கள். அப்போது டிக்கெட் 80,000 ரூபாய்க்குக் குறைவதில்லை. ஜனவரி கடைசியில் இங்கிருந்து அங்கே போக அவ்வளவு கூட்டம் கிடையாது. விமானம் அதேதான், சீட்டும் அதேதான். ஆனால் பயணம் எந்த ஊரில், எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதை வைத்துத்தான் பல டிக்கெட்டுகளுக்கு விலை வைக்கிறார்கள்.

சரி, போகும்போது தனி டிக்கெட், வரும்போது தனி டிக்கெட் எடுத்தால் என்ன என்று கேட்டேன். பெரிய விமான நிறுவனங்கள் பலவற்றில் ஒருவழி டிக்கெட் ரிட்டர்னில் பாதி விலைக்குக் கிடைக்காது. சில நாள் ரிட்டர்னையே தொட்டுவிடும். அதனால் ஒரே ஒரு தடவை மட்டும் லண்டனிலிருந்து ஒருவழி டிக்கெட்டில் வந்துவிட்டு, அதன்பிறகு எல்லா ரிட்டர்னையும் கோவையிலிருந்து தொடங்குவதுதான் அவள் கண்டுபிடித்த வழி. அந்த ஒருவழி டிக்கெட் 44,000 ஆனதால் முதல் வருஷம் பெரிய லாபமில்லை. அதற்குப் பிறகு, 2 பயணத்துக்கும் சேர்த்து 1,65,000 ஆனது 1,22,000-ல் முடிந்தது. இது எங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் ஊருக்கும் தேதிக்கும் நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் சில முடிச்சுகள் உண்டு. ரிட்டர்ன் பயணத்தைப் பொதுவாக, தொடங்கிய நாளிலிருந்து 1 வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். மலிவான டிக்கெட்டுகள் சிலவற்றில் 3 மாதம், 6 மாதம் என்று கெடு இருக்கும். அதைப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது. முன்பதிவும் சுமார் 11 மாதத்துக்கு முன்னால்தான் திறக்கும் என்பதால், ஆகஸ்ட்டில் திரும்பும் டிக்கெட்டை அவள் அக்டோபரில் எடுப்பாள். இங்கே தொடங்கும் டிக்கெட்டுக்கு விலை ரூபாயில் இருக்கும். லண்டன் கார்டில் கட்டினால் பணம் மாற்றும் கட்டணம் வேறு சேரும். ஆகவே கார்டு அவள் அப்பாவுடையது. அவள் மாதாமாதம் அனுப்பும் பணத்தில் அதைக் கழித்துக்கொள்வார். லண்டனிலிருந்து கிளம்பும்போது பிரிட்டன் அரசு வாங்கும் பயணி வரி மட்டும் எந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கும் மசிவதில்லை.

எல்லாம் தெரிந்துகொண்டோம் என்று நினைத்திருந்தபோதுதான் 2024 ஜனவரி வந்தது. டிக்கெட் கோவை - மும்பை - லண்டன். அதற்கு முந்தின நாள் சென்னையில் அவள் தோழிக்குக் கல்யாணம். சென்னைக்கு ரயிலில் போய், அங்கிருந்து மும்பைக்குத் தனியாக ஒரு மலிவு டிக்கெட் எடுத்துக்கொண்டாள். லண்டன் விமானத்தில் மும்பையில்தானே ஏறப்போகிறோம், கோவை சீட்டு காலியாகப் போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது அவள் எண்ணம். நானும் சரி என்றேன். சென்னை பஸ்ஸுக்குக் கோவையில் சீட்டு எடுத்துவிட்டு சேலத்தில் ஏறினால் கண்டக்டர் இறக்கியா விடுவார்?

விமானத்தில் இறக்கிவிடுகிறார்கள். ஏறவே விடுவதில்லை. முதல் பயணத்துக்கு வராதவரின் மீதிப் பயணங்கள் எல்லாம் தானாக ரத்தாகிவிடுமாம். ஆகஸ்ட்டில் திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்ந்தே போயிற்று. 2 நாளில் அவளுக்கு டியூட்டி. ராத்திரி 1 மணிக்கு எனக்கு போன்.

"அம்மா, அப்பாவை எழுப்பு. அவர் போனுக்கு ஓடிபி வரும்."

அவர் போனை சைலன்ட்டில் போட்டு, கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். முதல் ஓடிபி காலாவதியானது. இரண்டாவதை நான் தப்பாகப் படித்தேன். மூன்றாவதில், மும்பை - லண்டன் ஒருவழி, 61,000 ரூபாய். ஒரு வருஷம் மிச்சம் பிடித்ததும், அதற்கு மேலும் அந்த ஒரு ராத்திரியில் போனது. பறக்காத பயணத்தின் வரியில் கொஞ்சம் மட்டும் 3 மாதம் கழித்துத் திரும்பி வந்தது.

இனி இந்த வேலையே வேண்டாம் என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. அதன்பிறகு 2 விஷயத்தில் மட்டும் பிடிவாதமாகிவிட்டாள். டிக்கெட்டில் எந்த ஊர் போட்டிருக்கிறதோ அங்கேதான் ஏறுவாள். 3,500 ரூபாய் கூடப் போனாலும் தேதி மாற்ற வசதியுள்ள டிக்கெட்தான் எடுப்பாள். அந்த 3,500 தண்டம் என்று அவள் அப்பா முணுமுணுத்தார்.

2025 மே மாதம் அவருக்கே நெஞ்சுவலி வந்தது. ராத்திரியோடு ராத்திரியாக ஸ்டென்ட் வைத்தார்கள். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து அவளுக்கு போன் செய்தேன். "என் கையில கோவை டிக்கெட் இருக்கும்மா, பதறாதே" என்றாள். ஆகஸ்ட் 11-க்கு இருந்ததை அன்றிரவுக்கு மாற்றிக்கொண்டாள். கட்டணத்தில் இருந்த வித்தியாசம் 9,400 ரூபாய். அவர் வார்டுக்கு வந்த அன்று காலையில், பெட்டியோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள்.

அவளைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆகஸ்ட் டிக்கெட்டை என்ன பண்ணே?"

"அதுலதான்ப்பா வந்திருக்கேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னிடம் டைரியைக் கொண்டுவரச் சொன்னார். டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார் என்று நான் அதட்டியும் பலனில்லை. மறுநாள் தலையணையில் சாய்ந்துகொண்டு, ஜூன் 2 கோவை - லண்டன், டிசம்பர் 28 லண்டன் - கோவை என்று எழுதி அவளிடம் நீட்டினார்.

இந்த முறை ஓடிபி பகலிலேயே வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னார்.