காசு அனுப்புவது சுகம்

பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி 1838 இல் தொடங்கியது. கணித மேதை எலியேசரும் யாழ் பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் துரைராசாவும் படித்த இடம். 1984 இல் அதன் நூலகமும் ஆய்வுகூடமும் எரிக்கப்பட்டன. பிறகு போர், இடப்பெயர்வு. இவ்வளவுக்குப் பிறகும் அது தலைநிமிர்ந்து நிற்பதில் கொழும்பு, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா என்று சிதறிப்போன பழைய மாணவர்களுக்கும் பெரிய பங்குண்டு.

ஆனால் ஒன்று சொல்லவேணும். பொதுவாகவே எங்கட ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு வெளிநாட்டுப் பழைய மாணவர்கள் கொடுப்பதில் முக்கால்வாசி கல்லில் பெயர் பொறிக்கக்கூடிய விசயங்கள்தான். நுழைவாயில், மண்டபம், விளையாட்டரங்கு. (நுழைவாயில் மோகம் எப்ப தீருமோ!) காசு அனுப்புவது சுகம். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் கொடுப்பதுதான் கஷ்டம்.

அந்த ஒரு மணித்தியாலத்தைக் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். சூமில் உயர்தரப் பெடியளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கும் பொறியியலாளர். சங்கத்தின் கணக்கைச் சம்பளமில்லாமல் பார்க்கும் ஓய்வுபெற்ற வங்கி அண்ணா. பல்கலைக்கழக அனுமதி கிடைத்தும் கொழும்பில் தங்க இடமில்லாமல் நிற்கும் பிள்ளைக்கு அறை தேடிக் கொடுக்கும் அக்கா. இவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

நேர வித்தியாசமும் தடையில்லை. கோடையில் ரொறன்ரோவில் சனி காலை ஒன்பது மணியென்றால் இங்கே ஊரில் பின்னேரம் ஆறரை. பெடியள் ரியூசன் முடிந்து வீட்டில் இருக்கும் நேரம். பௌதிகம், இரசாயனம் தமிழில் படிப்பிக்கக்கூடியவர்கள் உங்கட பள்ளிக்கூட அதிபரோடு ஒருக்கால் கதையுங்கோ.