இரட்டை அட்டைகளின் காலம்

ஒருவர் செய்யும் வேலையை இருவர் பகிர்ந்துகொண்டால் பாதி நேரத்தில் முடிந்துவிடும் என்னும் நம்பிக்கை, களையெடுப்புக்குப் பொருந்தும். மாங்காய் பறிப்புக்கும் பொருந்தும். கதை எழுதுவதற்குப் பொருந்துமா என்பது ஐயமே. முன் அத்தியாயத்தில் நிகழ்ந்ததை அறியாதவர் அடுத்த அத்தியாயத்தை எழுத இயலாது. கணினி விளையாட்டுகளின் உலகம் இந்த எளிய உண்மையோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் மல்லாடியிருக்கிறது. இலக்கியம் பேசும் இடத்தில் இதென்ன வன்பொருள் புராணம் என்று நண்பர்கள் எண்ணக்கூடும். சற்றே பொறுமையாக உடன்வர வேண்டுகிறோம்.

திரையில் ஓடும் விளையாட்டு உண்மையில் ஓடுவதில்லை. நொடிக்கு முப்பதோ அறுபதோ தனித்தனிப் படங்கள் வரையப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படுகின்றன. அவற்றை வரைவது கிராபிக்ஸ் கார்டு என்று நாம் அழைக்கும் வரைகலை அட்டை. ஓர் அட்டைக்கு மூச்சு வாங்கினால் இன்னொன்றையும் பக்கத்தில் பொருத்திவிடலாமே என்ற எண்ணத்தைச் சாதாரணப் பயனர்களின் மேசைக்குக் கொண்டுவந்தது, 1998இல் த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வூடூ 2. இரண்டு வூடூ அட்டைகளை இணைத்தால், திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றொன்றும் வரையும். ஒரு பாவில் இரண்டு கைகள் ஊடை கோப்பதுபோல. எஸ்.எல்.ஐ. என்று அதற்குப் பெயர். 2000ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனம் வீழ்ந்தபோது அதன் சொத்துகளை வாங்க முன்வந்தது என்விடியா. அதே மூன்றெழுத்துப் பெயரை, வேறு விரிவாக்கத்துடன், 2004இல் என்விடியா மீண்டும் உயிர்ப்பித்தது. மறு ஆண்டே ஏடிஐ நிறுவனம் கிராஸ்ஃபயர் என்ற பெயரில் போட்டிக்கு வந்தது.

தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதும் அந்த 2004இல்தான். ஒன்றை இரண்டாக்குவதும் இரண்டை ஒன்றாக்குவதும் ஒரே ஆண்டில் நடந்தன என்று பின்னாளில் நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

போச்சம்பள்ளியை வெளியூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையால் அறிவார்கள். ஆடும் மாடும் தானியமும் துணியும் ஒரே பரப்பில் விலைபேசப்படும் பெருஞ்சந்தை அது. கணினிப் பொருள்கள்தாம் அங்கே கிடைப்பதில்லை. அவற்றுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, பெங்களூரின் எஸ்.பி. சாலைக்குப் போகவேண்டும். 2012இல் நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு கணினியை உருவாக்கினோம். தாய்ப்பலகையும் முதல் அட்டையும் எங்கள் இருவர் பணத்தில் வந்தவை. மூன்றாமவன் கூலி வேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு, அதே வகை அட்டை ஒன்றை எஸ்.பி. சாலையில் பழைய விலைக்கு வாங்கிவந்தான். இரண்டையும் இணைக்கும் பாலம் எங்கள் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அந்தச் சிறு துண்டைப் பொருத்தும் உரிமையை அவனுக்கே அளித்தோம்.

சென்னைக்கு வெளியே தமிழகம் முழுவதும் மின்வெட்டில் தவித்த ஆண்டு அது. பகலில் பல மணி நேரம் மின்சாரம் இராது. இரவில் வந்தாலும் அழுத்தம் குறைந்து விளக்குகள் மங்கும். இரண்டு அட்டைகளும் முழுமூச்சில் இயங்கினால் அவை மட்டுமே முந்நூறு வாட்டுக்கு மேல் விழுங்கும். எங்கள் யுபிஎஸ் அத்தனை பாரத்தைத் தாங்கும் வகையினது அன்று. ஆகவே நள்ளிரவு தாண்டி, தெருவில் மற்ற வீடுகள் உறங்கி, மின்னழுத்தம் சீரான பின்னரே இரட்டை அட்டைகளை இயக்குவோம். ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்பின் இருட்டு. உள்ளே நான்கு விசிறிகளின் இரைச்சல். ஒருவர் ஆட, இருவர் பார்த்திருப்போம்.

அப்போது ஒன்றைக் கவனித்தோம். திரையின் மூலையில் தெரியும் எண், நொடிக்கு அறுபது படங்கள் என்று பெருமையாகக் காட்டும். கண்ணோ எங்கேயோ இடறும். மேடுபள்ளச் சாலையில் வண்டி போவதைப்போல் ஒரு நுண்ணிய குலுக்கல். காரணம் இதுதான். அக்காலத்தில் இணைந்த அட்டைகள் பெரும்பாலும் முறைவைத்து வேலை செய்தன. முதல் படத்தை ஓர் அட்டை, இரண்டாம் படத்தை அடுத்த அட்டை, மூன்றாவதை மறுபடி முதல் அட்டை. சிப்காட்டில் ஷிப்ட் மாற்றுவதைப் போன்ற ஏற்பாடு. அறுபது படங்கள் என்றால் சராசரியாக 16.7 மில்லிநொடிக்கு ஒன்று வரவேண்டும். ஆனால் ஒன்று 5 மில்லிநொடியிலும் அடுத்தது 28 மில்லிநொடியிலும் வந்தாலும் சராசரி ஏறத்தாழ அதேதான். சராசரி பொய் சொல்லவில்லை; உண்மை முழுவதையும் சொல்லவில்லை, அவ்வளவே. 2011இல் டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாசன், நொடிக்கணக்கை விட்டு ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் தனியே அளந்து எழுதிய பிறகே இக்குறை பரவலாகப் பேசப்பட்டது. 2013இல் ஏ.எம்.டி. நிறுவனம் படங்களைச் சீரான இடைவெளியில் அனுப்பும் திருத்தத்தைத் தன் மென்பொருளில் சேர்த்தது.

இன்னொரு விதி எங்களை அதைவிட அதிகம் சிந்திக்க வைத்தது. ஒரு கிகாபைட் நினைவகமுள்ள இரண்டு அட்டைகளைச் சேர்த்தால் இரண்டு கிகாபைட் ஆகாது. காட்டையும் மலையையும் பகைவனின் முகத்தையும் இரண்டு அட்டைகளும் முழுமையாகத் தத்தம் நினைவில் வைத்திருக்கவேண்டும். ஒரே நூலுக்கு இருவர் உரையெழுதினால் ஆளுக்கொரு பிரதி வேண்டும் அல்லவா? உழைப்பைப் பங்கிடலாம்; நினைவைப் பங்கிட முடியாது.

இந்த விதியை விளையாட்டுக்கு வெளியே ஒருவர் மீறிக் காட்டினார். எங்கள் அறையில் விசிறிகள் இரைந்த அதே 2012இல், கனடாவின் டொரண்டோவில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி என்ற ஆய்வு மாணவர், பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில், விளையாட்டுக்கென விற்கப்பட்ட இரண்டு ஜிடிஎக்ஸ் 580 அட்டைகளைக் கொண்டு, படங்களை இனங்காணும் ஒரு நரம்பு வலையமைப்புக்குப் பயிற்சி அளித்தார். ஆறு கோடி அளபுருக்கள் கொண்ட அந்த வலை ஓர் அட்டையின் மூன்று கிகாபைட்டில் அடங்கவில்லை. எனவே அதை இரண்டாகப் பிளந்து, ஆளுக்குப் பாதியாக இரு அட்டைகளிலும் வைத்து, சில அடுக்குகளில் மட்டும் அவை பேசிக்கொள்ளச் செய்தார். பயிற்சி முடிய ஐந்தாறு நாள்கள் ஆயின. இல்யா சுட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹின்டன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட அந்த ஆய்வே, இன்றைய செயற்கை நுண்ணறிவுப் பெருக்கத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

2014இல் எங்கள் மூன்றாமவனுக்கு ஓசூரில் ஓர் ஆலையில் வேலை கிடைத்தது. அறைக்கு முன்பணம் கட்டவேண்டும். கையில் இருந்தது போதவில்லை. அவன் வாய்திறந்து கேட்கவில்லை. அட்டையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். "எடுத்துக்கினு போடா, இங்க ஒண்ணு போதும்" என்றோம். பாலத்தை அவனே கழற்றினான். அட்டையைப் பழைய துண்டில் சுற்றிப் பெங்களூருக்குக் கொண்டுபோய் விற்றான். அன்றிரவு ஒற்றை அட்டையில் அதே விளையாட்டை இயக்கினோம். எண் குறைந்திருந்தது, குலுக்கல் இல்லை. ஆனாலும் அவன் உட்காரும் இடத்தை இருவரும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டோம்.

விளையாட்டுலகிலும் பாலங்கள் கழன்றுகொண்டிருந்தன. அதற்குப் பின்வந்த விளையாட்டுகள், விளிம்புகளின் கரடுமுரடை மழுங்கச் செய்ய, முந்தைய படத்தின் தகவலை அடுத்த படத்தில் கலக்கத் தொடங்கின. முந்தைய படமோ மற்ற அட்டையின் நினைவில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கும் நேரத்தில், பங்கிட்டதால் பெற்ற லாபம் கரைந்துபோகும். முன் அத்தியாயம் அறியாத எழுத்தாளரின் நிலைதான் அது. 2020இல் வந்த என்விடியாவின் 30 வரிசை விளையாட்டு அட்டைகளில் 3090க்கு மட்டுமே இணைப்புமுனை இருந்தது. 2021 முதல் பழைய அட்டைகளுக்கு விளையாட்டுவாரியான புதிய எஸ்.எல்.ஐ. அமைப்புகளை வழங்குவதையும் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. 2022இல் வந்த 4090இல் இணைப்புமுனையே இல்லை. இன்று அட்டைகள் எழுபதுக்கு மேல் கூடி ஒன்றாய் இயங்குகின்றன. ஆனால் வீட்டு மேசையில் அன்று, செயற்கை நுண்ணறிவின் தரவு மையங்களில்.

எங்கள் ஊரிலும் மாற்றங்கள் நேர்ந்தன. 2021இல் சிப்காட்டில் ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலை எழுந்தது. வேலைக்கென ஊர்விட்டுப் போனோர் இருந்த இடத்திற்கு, வேலைக்கென வெளியூரார் வருகிறார்கள். ஓசூர் நண்பன் விழா நாள்களில் வருவான். அந்த இரவுகளைப் பற்றிப் பேச்சு எழும்போது, ஒருவர் மறந்ததை மற்றவர் நிரப்பவேண்டிய தேவை எழுவதில்லை. எந்த இரவு மின்சாரம் நின்றது, எந்தக் கட்டத்தில் யார் தோற்றார் என்பதை மூவரும் தனித்தனியே முழுதாகச் சொல்கிறோம். ஆளுக்கு மூன்றிலொரு பங்கு என்று பிரித்து வைத்திருந்தால், அவன் ஓசூர் புறப்பட்ட அன்றே எங்களிடம் ஒரு பகுதி குறைந்து போயிருக்கும்.