போட்டிருக்கறவருக்குத் தெரியாத படம்

ஹெல்மெட்டுல படம் வரையறதெல்லாம் ஒரு பிராஜெக்டான்னு சிரிக்காதீங்க மக்களே. மூணு மாசமா நம்ம கடையில இதுதான் ஓடிக்கிட்டிருந்தது. அக்கா பொண்ணு கோயமுத்தூர்ல விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருஷம். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு கிராஃபிக் டிசைன், பார்த்தா ஒரே குடும்பம்னு தெரியற மாதிரி ஆறு மாடல். இதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. நமக்கு ஸ்டிக்கர் கட்டிங் தொழில்ங்கறதால பிளாட்டர், வினைல் ரோல், ஹீட் கன் எல்லாம் மாமன் செலவு. தாய்மாமன் சீர்னு வச்சுக்குங்க :-)

முதல் வாரம் வந்த டிசைன்களைப் பார்க்கணுமே! நெருப்பு, மண்டை ஓடு, புலி, கருப்பு மேல கருப்புல ஒரு கழுகு. கம்ப்யூட்டர் திரையில பிரமாதமா இருந்தது. புலியை வெட்டி ஹெல்மெட்டுல ஒட்டினோம். கிழட்டுப் புலி ஆயிடுச்சு. மூஞ்சி பூரா சுருக்கம்.

காரணம் சிம்பிள். ஒரு டிரம்மைச் சுத்தி காகிதம் ஒட்டினா சுருங்காது, ஏன்னா அது ஒரு பக்கமாத்தான் வளைஞ்சிருக்கு. பந்து மேல ஒட்டிப் பாருங்க, சுருங்கியே தீரும். ஆரஞ்சுத் தோலை உரிச்சு மேஜை மேல கிழியாம பரப்ப முடியாதில்லையா, அதே கதைதான் இங்க தலைகீழா. வினைல் கொஞ்சம் நீளும், சூடு காட்டினா இன்னும் கொஞ்சம் நீளும். அதுக்கு மேல அடம் பிடிக்கும். ஒண்ணு, பூசணிக்காய்க் கீத்து மாதிரி நறுக்கி ஒட்டணும். இல்லேன்னா சின்னச் சின்ன வடிவமாப் போயிடணும்.

"அப்ப பெயிண்ட் அடிச்சுட்டாப் போச்சுங்க மாமா"ன்னா. அங்கதான் நான் தடுத்தேன். கம்பெனியில அடிக்கறது வேற. அவங்களுக்கு எந்த ஓட்டுக்கு எந்த பெயிண்ட்னு தெரியும். நம்ம ஊர்ல ஓடற ஹெல்மெட்டுகள்ல நிறைய ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் ஓடுங்க. தின்னர் பட்டா அந்தப் பிளாஸ்டிக் உள்ளுக்குள்ள பலம் இழந்துடலாம், வெளியில பார்க்க பளபளன்னே இருக்கும். ஹெல்மெட் உள்பக்கம் ஒரு சின்ன எச்சரிக்கை ஒட்டியிருப்பாங்க, நாம யாரும் படிக்கறதில்லை. சில கம்பெனிகள் கண்ட ஸ்டிக்கரையும் ஒட்டாதேங்கறாங்க, பசையில இருக்கற ரசாயனத்துக்காக. அதனால கம்பெனி அனுமதிக்கற சமாச்சாரம் மட்டும்தான்னு முடிவாச்சு. ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் ஐ.எஸ். 4151ங்கற எண்ணையும் மறைக்கக் கூடாது. ஓடு முழுசும் மூடவும் கூடாது. ஏன்னா அடி வாங்கின விரிசலை ஸ்டிக்கர் மறைச்சுடும். ஓட்டுக்குள்ள இருக்கற தெர்மகோல்தான் நசுங்கி அடியை வாங்கிக்குது. ஒரு தடவை நசுங்கினா திரும்ப எழும்பாது.

படம் தேடறப்ப ரேஸ்காரங்க ஹெல்மெட்டுகளையும் பார்த்தோம். கிரஹாம் ஹில்னு ஃபார்முலா ஒன் சாம்பியன். லண்டன்ல தான் துடுப்புப் போட்ட கிளப்போட அடையாளத்தை, கருநீல ஹெல்மெட்டுல வெள்ளைத் துடுப்பு மட்டைகளா போட்டிருந்தார். வாலண்டினோ ரோஸி 2008ல இத்தாலியில முஜெல்லோ பந்தயத்துக்குத் தன் பயந்த மூஞ்சியையே ஹெல்மெட் மேல்பக்கம் போட்டுட்டு வந்தார். அவர் குனிஞ்சு ஓட்டறப்ப அந்த மூஞ்சிதான் நம்மளைப் பார்க்கும். ரேஸ்ல எல்லார் முகமும் மூடியிருக்கு, அதனால அங்க ஹெல்மெட்டுதான் முகம்.

இதைப் பார்த்துக்கிட்டே இருந்தவ திடீர்னு ஒண்ணு கேட்டா. "ஏங்க மாமா, போட்டிருக்கறவங்க இதைப் பார்க்கவே முடியாதுங்களே? அப்ப நான் யாருக்கு வரையறேன்?"

யோசிச்சுப் பாருங்க. சட்டையைக் குனிஞ்சு பார்க்கலாம். செருப்பு கண்ணுக்குத் தெரியும். தலையில இருக்கற படத்தைப் போட்டிருக்கற ஆள் மட்டும் பார்க்க முடியாது. பார்க்கறது யாரு? பின்னாடி வர்ற லாரிக்காரர், சந்துலேர்ந்து எட்டிப் பார்க்கற கார்க்காரர், திருப்பத்துல பஸ் ஓட்டறவர். அப்ப அந்தக் கருப்புக் கழுகு யாருக்கு உதவும்?

நியூசிலாந்துல ஆக்லாந்து பக்கம் நடந்த ஒரு ஆய்வு 2004ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்தது. கருப்பு ஹெல்மெட் போட்டவங்களோட ஒப்பிட்டா, வெள்ளை போட்டவங்களுக்கு விபத்துல காயமாகற அபாயம் 24 சதவீதம் குறைவா இருந்ததாம். வெள்ளை வாங்கற ஆள் இயல்பாவே நிதானமா ஓட்டறவரா இருக்கலாம், அதனால நிறம்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனாலும் டிசைன் படிக்கற பிள்ளைக்கு இது போதாதா? கழுகு பறந்துடுச்சு. வெள்ளை ஹெல்மெட், பின்பக்கம் ரேடியம் ஸ்டிக்கர்னு ஆரம்பிச்சா.

(நம்ம ஊர் ரேடியம் ஸ்டிக்கர்ல ரேடியம் கிடையாதுங்க. மேல விழற ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். அதனால பின்னாடி வர்ற டிரைவர் கண்ணுக்குத்தான் பளிச்னு தெரியும்.)

ஒட்டிட்டு, ராத்திரி மச்சானை வண்டியில உட்கார வச்சு, பின்னாடி கார் லைட்டைப் போட்டுப் பார்த்தோம். சூப்பர். அப்புறம் அக்காவைப் பின்னாடி உட்காரச் சொன்னோம். ஒண்ணும் தெரியலை! மச்சானோட ஹெல்மெட்டை அக்கா தலை மறைச்சுடுச்சு. லாரிக்காரருக்குத் தெரியப் போற ஒரே தலை, ஹெல்மெட் இல்லாத தலை.

கொஞ்ச நேரம் நாங்க யாரும் பேசலை. ஏன்னா எங்க வீட்டுல ஒரு கதை இருக்கு. பெரியம்மா, அண்ணன் வண்டியில பின்னாடி ஒருபக்கமா உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போனாங்க. பெயிண்ட் அழிஞ்ச ஒரு ஸ்பீட் பிரேக்கர். அண்ணன் தலையில ஹெல்மெட் இருந்தது. விழுந்தது பெரியம்மா. வண்டி சாயக்கூட இல்லை.

சட்டம் ரெண்டு பேருக்கும்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 129. மத்திய அரசோட கணக்குப்படி 2022ல நாடு பூரா ஹெல்மெட் போடாம செத்தவங்க 50,029 பேர். அதுல 14,337 பேர் பின்னாடி உட்கார்ந்து போனவங்க. வண்டியை வேகமா ஓட்டினது அவங்க இல்லை, திருப்பினது அவங்க இல்லை.

பொண்ணு மறுநாளே நோட்டைத் தூக்கிக்கிட்டு மார்க்கெட் வண்டி ஸ்டாண்டுக்குப் போயிட்டா. பின்னாடி உட்கார்ந்து வர்ற பெண்கள்கிட்ட ஏன் போடறதில்லைன்னு கேட்டா. "வாங்கிக் குடுத்தாத்தானே போடறதுக்கு." "எறங்குனா அதைக் கையில தூக்கிட்டே திரியோணும்." "வேர்க்குது." "பூ கசங்கிப் போகும்." ஒருத்தர்கூட "படம் நல்லாயில்லை"ன்னு சொல்லலை. மூணு மாசமா படம் வரையறவளுக்கு இதைவிட என்ன அடி வேணும்?

எனக்குப் பிடிச்சது அதுக்கப்புறம் அவ செஞ்சதுதான். ஆறு மாடலைத் தூக்கிப் போட்டுட்டு ஒரே ஒரு ஜோடி செஞ்சா. ரெண்டும் வெள்ளை. ரெண்டுலயும் பின்பக்கம் ரேடியத்துல புள்ளிக் கோலம். சின்னப் புள்ளிங்கறதால சுருக்கமே விழலை. ஓட்டறவர் ஹெல்மெட்டுல கோலம் பாதிதான், இழை ஓரத்துல வந்து அறுந்து நிக்கும். மீதிப் பாதி பின்னாடி உட்கார்றவங்க ஹெல்மெட்டுல. ஒண்ணை மட்டும் பார்த்தா யாரோ பாதியில விட்டுட்டு எழுந்து போன வாசல் மாதிரி இருக்கும். ஜோடியாத்தான் விலை, தனியா விற்கறதில்லைன்னு அட்டைப்பெட்டிக்கும் டிசைன் பண்ணிட்டா.

கல்லூரியில என்ன சொன்னாங்க தெரியுமா? "ஆறு கேட்டோம், ரெண்டுதான் இருக்கு. யூத்துக்கான துள்ளல் இல்லை." மார்க்கும் அதுக்குத் தகுந்த மாதிரிதான். வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதா. கேட்டது ஆறுதான், அதனால மார்க் குறைஞ்சதுல நியாயம் இருக்கலாம். ஆனா "இதை யாரு போடுவாங்க"ங்கற கேள்வியை அந்த மேஜையில யாரும் கேட்கலையேன்னுதான் எனக்கு ஆத்திரம்.

போட ஆள் இருக்காங்க. அந்த ஜோடி இப்ப அக்கா வீட்டுல ஓடுது. வேர்க்குதுன்னு அக்கா திட்டறதும் ஓடுது. பூவை மட்டும் கழுத்துக்குக் கீழ இறக்கி, பின்னலோட வச்சுக்கறாங்க. தனியாப் போற நாள்ல மச்சான் "அரைக் கோலத்தோட அனுப்பறீங்களே"ன்னு முனகறார்.

படம் ஒரு உயிரைக் காப்பாத்தும்னு நான் சொல்ல மாட்டேன். காப்பாத்தறது தெர்மகோலும் இறுக்கிப் போட்ட பட்டையும்தான். ஆனா வீட்டுல ரெண்டாவது ஹெல்மெட் இல்லேங்கறதை ஒரு படத்தால காட்ட முடிஞ்சது. உங்க வண்டியில எத்தனை ஹெல்மெட் இருக்குன்னு எண்ணிப் பார்த்துட்டு, எத்தனை பேர் போறீங்கன்னும் எண்ணிடுங்க. கணக்கு உதைச்சா, இந்தச் சம்பளத்துலயே வாங்கிடுங்க.